அண்ணியும் பட்டாசும் ஒரு ஹார்ட்னஸ் டெஸ்டரும்

இறைச்சிக் கடைக்காரர் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்த இரண்டு கத்திகளையும் பட்டறை மேசைமேல் வைத்துப் பிரித்தார். ஒன்று அண்ணி செய்தது. அதன் வாய் ஓரிடத்தில் காகித ஓரம்போல மடங்கியிருந்தது. இன்னொன்று பட்டாசு செய்தது. அதன் வாயில் எலி கொறித்த மாதிரி இரண்டு இடத்தில் துணுக்கு பெயர்ந்திருந்தது.

"குறை சொல்ல வரலைம்மா. அடுத்த மாசம் ரெண்டாவது கடை திறக்கிறேன். பன்னெண்டு கத்தி வேணும். உங்ககிட்டதான் வாங்கணும்னு இருக்கேன். ஆனா பன்னெண்டும் ஒரு வயித்துப் பிள்ளைங்க மாதிரி இருக்கணும். ஒண்ணு மடங்குது, ஒண்ணு உடையுதுன்னா நான் யாரைக் கேக்குறது?" என்றார் அவர்.

பிறகு பையிலிருந்து மூன்றாவதாக ஒரு கத்தியை எடுத்தார். கைப்பிடி கறுத்து, அலகு தேய்ந்து, பார்க்க ஒன்றும் அழகாக இல்லை. "ரெண்டு வருஷமா இதை வச்சுத்தான் வெட்டுறேன். மடங்கவும் இல்ல, உடையவும் இல்ல. இதுவும் உங்க பட்டறையில வாங்கினதுதான். இதே மாதிரி பன்னெண்டு. வேணும்னா மாதிரிக்கு வச்சுக்குங்க. என் வலது கையையே கொடுத்துட்டுப் போறேன், சீக்கிரம் திருப்பிக் கொடுத்துடுங்க."

அவர் படி இறங்கினார். இறங்கியதும் பட்டாசு கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"இது என்னோடது அண்ணி."

"ஆமா, உன் பேர் எழுதியிருக்கு பாரு. அது நான் செஞ்சது."

முதல் வருடத்தில் அவர்கள் கத்திகளில் யாருடைய அடையாளமும் போடவில்லை. அதனால் அந்தச் சண்டைக்குத் தீர்ப்பே கிடையாது.

அண்ணியை அந்தத் தெருவே அண்ணி என்றுதான் கூப்பிட்டது. அப்படிக் கூப்பிட உரிமை உள்ளவள் ஒருத்திதான்: கணவரின் தங்கை. அவள் ஒரு நாளைக்கு நூறு தடவை உரத்த குரலில் கூப்பிட்டுக் கூப்பிட்டு, பால்காரர் முதல் மின்கட்டணம் குறிக்க வருபவர் வரை எல்லோருக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அந்த உரத்த குரலுக்காகவே நாத்தனாருக்குப் பட்டாசு என்று பெயர். அண்ணி பன்னிரண்டு வருடம் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தவள். பட்டாசு அடுமனையில் ரொட்டி சுட்டவள். ஒருத்திக்கு மயிரிழை பிசகினாலும் தூக்கம் வராது. இன்னொருத்திக்குச் சூட்டைக் கண்டால் கை பரபரக்கும். வீட்டை ஒட்டியிருந்த கார் கொட்டகையில் இருவரும் சேர்ந்து கத்தி செய்ய ஆரம்பித்து மூன்று வருடமாகிறது.

அவர்களுக்குள் ஒரே ஒரு தகராறுதான். எஃகு அலகைச் செக்கச்செவேல் என்று காய்ச்சி எண்ணெயில் முக்கினால் அது கண்ணாடி மாதிரி இறுகிவிடும். அப்படியே விட்டால் கீழே விழுந்தாலே உடையும். அதனால் மிதமான சூட்டில் மறுபடி இரண்டு மணி நேரம் வைத்துப் பதம் போட வேண்டும். அந்த மிதம் எவ்வளவு என்பதில்தான் சண்டை. உடைந்துவிடுமோ என்ற பயத்தில் அண்ணி முந்நூறு டிகிரி வைப்பாள். "இப்படி வேகவச்சா கத்தியா வரும், கரண்டிதான் வரும்" என்று பட்டாசு நூற்றெண்பதோடு நிறுத்திவிடுவாள். ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் பதம் போட்டு, ஆளுக்கு ஆள் தன்னுடையதே சரி என்று இரண்டு வருடம் ஓட்டியாயிற்று.

அன்று மத்தியானம் சாப்பாட்டு மேசையில் சண்டை சூடு பிடித்தபோது அண்ணியின் கணவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். பள்ளி வேன் ஓட்டுபவர். நாற்பது பிள்ளைகளின் கூச்சலில் பழகியவர், வீட்டில் இரண்டு பேர் கூச்சலுக்கு அசரமாட்டார்.

"குழந்தைக்குக் காய்ச்சலான்னு ஆளுக்கு ஒரு கையை வச்சுப் பாத்து அடிச்சுக்குவீங்களா? தெர்மாமீட்டரை வைப்பீங்க இல்ல? இதுக்கும் ஒண்ணு இருக்கும். வாங்கித் தொலைங்க. எனக்கும் நிம்மதியா ரெண்டு வாய் உள்ள போகும்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்ன எண் காட்டுதோ அதுக்குக் கட்டுப்படணும். அப்புறம் பேச்சு மாறக் கூடாது" என்றாள் பட்டாசு.

"நான் எதுக்கு மாறப்போறேன்?" என்றாள் அண்ணி. சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். மடங்கிய கத்தி அவளுடையதாயிற்றே.

முதலில் அரம் வாங்கினார்கள். ஆறு சிறிய அரங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்: நாற்பது, நாற்பத்தைந்து என்று அறுபத்தைந்து வரை. அலகின்மேல் இழுத்தால், எந்த அரம் கீறாமல் வழுக்கிக்கொண்டு போகிறதோ, அலகு அதைவிடக் கெட்டி என்று அர்த்தம். சுலபம்தானே! பட்டாசு ஐம்பத்தைந்தாம் எண் அரத்தை எடுத்தாள். அவளுடைய அலகில் அது வழுக்கியது. அண்ணியின் அலகில் கரகரவென்று கடித்தது.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!"

"கொடு இப்படி" என்று அண்ணி வாங்கி இழுத்தாள். இரண்டிலும் வழுக்கியது.

"நீங்க அழுத்தவே இல்ல. பூனையைத் தடவுற மாதிரி தடவுறீங்க."

"நீ மரம் அறுக்கிற மாதிரி அறுத்தே. கடிக்காம என்ன பண்ணும்?"

கணவரைக் கூப்பிட்டு இழுக்கச் சொன்னார்கள். அவர் கையில் அது தங்கையின் அலகில் கடித்து மனைவியின் அலகில் வழுக்கியது. "எனக்கு வண்டிக்கு நேரமாச்சு" என்று அரத்தைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார். அரம் யார் கையில் இருக்கிறதோ அவர் கட்சி என்று தெரிந்துபோயிற்று.

இரண்டு நாள் கழித்து, அளவுக் கருவிகள் விற்கும் ஒரு பெரிய கடைக்குப் போனார்கள். பதம் போட்டு முடித்து இன்னும் சாணை பிடிக்காத, ஒரே தடிமனில் தட்டையாக இருக்கும் அலகு இரண்டை ஆளுக்கு ஒன்றாகப் பையில் போட்டுக்கொண்டார்கள். விற்பனையாளர் ஒரு வெல்வெட் பெட்டியைத் திறந்தார். உள்ளே பேனா மாதிரி ஒன்று, கையடக்கத் திரை ஒன்று. பேனாவை எஃகின்மேல் வைத்து அழுத்தினால் உள்ளிருந்து ஒரு சிறு குண்டு போய் மோதித் திரும்பும். திரும்பி வரும் வேகத்தை வைத்துத் திரை எண்ணைச் சொல்லும். தன் கடையில் கிடந்த கனத்த இரும்புக் கட்டியில் வைத்துக் காட்டினார். டக். டக். டக். மூன்று முறையும் ஏறத்தாழ ஒரே எண். பட்டாசின் கண் விரிந்தது.

"அண்ணி, இதையே எடுத்துடலாம்! சட்டைப் பையில போட்டுக்கலாம்!"

"முதல்ல நம்ம அலகுல வச்சுப் பாக்கலாம்" என்றாள் அண்ணி.

அவளுடைய அலகில் முதல் முறை நாற்பத்தெட்டு. இரண்டாம் முறை முப்பத்தொன்பது. மூன்றாம் முறை ஐம்பத்தேழு. விற்பனையாளர் புன்னகை மாறாமல், "அசைக்காம பிடிச்சுக்குங்க" என்றார். அண்ணி அசைக்காமல் பிடித்தாள். முப்பத்து மூன்று. பட்டாசின் அலகை வைத்தார்கள். அது இருபத்தொன்பதில் ஆரம்பித்தது. "அய்யய்யோ, இருபத்தொன்பதா! அலுமினியமா இது?" என்று பட்டாசு போட்ட சத்தத்தில் கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அண்ணிக்குப் பிடிபட்டது. கனமான கட்டி மோதலைத் தாங்கிக்கொண்டு அசையாமல் நிற்கிறது. மெல்லிய அலகு அடிபட்டதும் தானே துள்ளுகிறது. குண்டு எப்படி ஒழுங்காகத் திரும்பும்? "இது பெரிய பெரிய சாமானுக்கு உண்டானதுங்க. எங்க கத்தி இதுக்கு ஒல்லி" என்றாள்.

விற்பனையாளர் நல்ல மனிதர். பெட்டியை மூடிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உண்மையைச் சொல்லணும்னா, உங்களுக்கு வேண்டியது மேசைமேல நிக்கிற பழைய மாதிரி ஹார்ட்னஸ் டெஸ்டர், கெட்டியை அளக்குற மிஷின். வைரமுனையை அழுத்திப் பாக்குமே, அது. ரயில் பாலத்துக்கு அந்தப் பக்கம் பல்சக்கரம் செய்யுற கம்பெனி ஒண்ணு புது இடத்துக்கு மாறுது. அங்க ஒண்ணு விக்கிறாங்க. நாளைக்குப் போனாக் கிடைக்கும். நாளன்னிக்குன்னா சந்தேகம்தான்."

மறுநாள் காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்ட கையோடு கணவர் வேனைத் திருப்பிக்கொண்டு வந்தார். "மூணு மணிக்கு நான் பள்ளிக்கூட வாசல்ல இருக்கணும். அதுக்குள்ள முடிச்சாத்தான்." இருவரும் ஏறினார்கள். பட்டாசு முதல் இருக்கையில் உட்கார்ந்து ஒவ்வொரு சிவப்பு விளக்கையும் திட்டிக்கொண்டே வந்தாள். அண்ணியின் மடியில் இரண்டு அலகுகளும் இறைச்சிக் கடைக்காரரின் கத்தியும் துணியில் சுற்றி இருந்தன.  அவளுக்குப் பரீட்சை எழுதப் போகிற மாதிரி இருந்தது. ஆனால் போகாமல் இருக்கவும் முடியாது போலிருந்தது.

கம்பெனி பாதி காலியாகியிருந்தது. தரையில் இயந்திரங்கள் நின்ற இடமெல்லாம் எண்ணெய்ச் சதுரங்கள். கண்ணாடித் தடுப்பு போட்ட ஆய்வு அறையின் மூலையில் ஒரு மேசைமேல் அது நின்றது. இடுப்பளவு உயரம், சாம்பல் பச்சை நிறம், புதுப் பெயிண்ட் பளபளத்தது. மேலே கடிகாரம் மாதிரி வட்டமான டயல், நடுவில் சின்னஞ்சிறு வைரமுனை, அதற்குக் கீழே உள்ளங்கை அகல மேடை, அந்த மேடையை ஏற்றி இறக்க ஒரு கைச்சக்கரம். அண்ணிக்குப் பார்த்ததுமே பிடித்துப்போயிற்று.  இது வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் கம்பெனியில் அளவு சரிபார்க்கும் ஆய்வாளர் அம்மா. கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். மற்றவர் பழைய இயந்திரங்கள் வாங்கி விற்கும் வியாபாரி.

"இவர் முதல்ல வந்துட்டார். அவர் வேணாம்னு சொன்னா உங்களுக்கு" என்றார் ஆய்வாளர் அம்மா.

பட்டாசின் முகம் நமுத்துப்போயிற்று.

ஆய்வாளர் அம்மா ஒரு வட்டமான எஃகுத் துண்டை மேடையில் வைத்தார். அதன் ஓரத்தில் அறுபது என்று பொறித்திருந்தது. இயந்திரம் உண்மை பேசுகிறதா என்று பார்ப்பதற்கே செய்த துண்டு. வைத்தால் அறுபதுதான் காட்ட வேண்டும். சக்கரத்தைச் சுற்றி மேடையை ஏற்றினார். வைரம் துண்டைத் தொட்டது. நெம்புகோலை விட்டதும் இயந்திரம் பெருமூச்சு விடுவதுபோல மெல்ல அழுத்தியது. கொஞ்ச நேரம் விட்டு நெம்புகோலைப் பின்னுக்கு இழுத்தார். முள் சுழன்று வந்து நின்றது.

ஐம்பத்தைந்து.

அவர் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு மறுபடி அழுத்தினார். ஐம்பத்தாறரை. மறுபடி. ஐம்பத்து நாலு.

"போன மாசம்கூட ஒழுங்காத்தான் இருந்துச்சு. பத்தொன்பது வருஷமா நான் தொட்ட மிஷின் இது" என்றார் திகைப்போடு.

வியாபாரி வாயைச் சுழித்தார். "உள்ள ஸ்பிரிங் போயிருக்கும்மா. இதை வாங்கி நான் யார் தலையில கட்டுறது? எடைக்கு வேணா எடுத்துக்கிறேன்." சொல்லிவிட்டு, வேறு ஏதாவது தேறுமா என்று பார்க்க வெளியே போனார்.

பட்டாசு அண்ணியின் காதருகே வந்து, "போச்சா?" என்றாள். அவள் கிசுகிசுத்தாலே பக்கத்து அறைக்குக் கேட்கும்.

 அண்ணி குனிந்து மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்பிரிங் போயிருந்தால் ஒரே மாதிரிக் குறைத்துக் காட்டுமே. இது ஏன் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எண் சொல்கிறது? எதன்மேலோ உட்கார்ந்து ஆடுகிற மாதிரி அல்லவா இருக்கிறது? பல் செட்டில் இது தினப்படி விஷயம். அச்சுக்கு அடியில் துளி தூசி இருந்தாலும் பல் சரியாக உட்காராது.

"அம்மா, இந்த மேடையைக் கழட்டலாங்களா?"

"கழட்டலாம். சும்மா குழியில சொருகித்தான் இருக்கு."

அண்ணி மேடையைத் தூக்கினாள். அடியில் குழியின் விளிம்பில், எள்ளளவுக்கு ஒரு பச்சைத் துணுக்கு ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி விரல் நுனியில் எடுத்துக் காட்டினாள்.

"பெயிண்ட்!" என்று ஆய்வாளர் அம்மா கத்தினார். "விக்கப்போறோம்னு அழகா அடிச்சாங்க, பாவிங்க!"

அண்ணி புடவைத் தலைப்பாலேயே குழியைத் துடைத்தாள், மேடையின் அடியைத் துடைத்தாள், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், மறுபடி துடைத்தாள். பட்டாசு ஒற்றைக் காலில் நின்று கொண்டிருந்தாள். மேடையைச் சொருகினார்கள். "கழட்டி மாட்டினா முதல் ரெண்டைக் கணக்குல எடுக்கக் கூடாது. அது உக்கார்றதுக்கு" என்று சொல்லி ஆய்வாளர் அம்மா இரண்டு முறை அழுத்தி விட்டுவிட்டார். மூன்றாவது முறை நெம்புகோலை இழுத்தார்.

அறுபது.

மறுபடி. அறுபது. துண்டை நகர்த்தி இன்னொரு இடத்தில். அறுபதுக்கு மேல் ஒரு மயிரிழை.

பட்டாசு போட்ட கூச்சலில் வியாபாரி ஓடிவந்துவிட்டார். டயலைப் பார்த்தார். "அப்போ நானே எடுத்துக்கிறேன், நான்தானே முதல்ல வந்தேன்" என்று ஆரம்பித்தார். அவர் வாக்கியம் முடிவதற்குள் பட்டாசு இயந்திரத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள்.

"நீங்க வேணாம்னு சொல்லிட்டீங்க. நான் என் காதால கேட்டேன்."

"எடைக்குன்னுதானே சொன்னீங்க" என்றார் ஆய்வாளர் அம்மா, கண்ணாடியைத் துடைத்தபடி. "இது இவங்களுக்குத்தான். நான் முதலாளிக்குப் போன் போட்டுச் சொல்லிடுறேன்."

தூக்குவதற்கு முன்னால் அளந்தே ஆகவேண்டும் என்று பட்டாசு அடம்பிடித்தாள். அண்ணிக்கும் ஆசைதான், பயமும்தான். முதலில் இறைச்சிக் கடைக்காரரின் கத்தியை, கைப்பிடியை ஒட்டித் தட்டையாக இருந்த இடத்தில் வைத்தார்கள். முள் ஐம்பத்தெட்டில் நின்றது.

அடுத்து அண்ணியின் அலகு. அவள் தானே சக்கரத்தைச் சுற்றினாள். முள் மெதுவாக வந்து, ஐம்பத்தெட்டை எட்டிப் பார்க்காமலே, ஐம்பத்து நாலில் நின்றுவிட்டது. மென்மை. மடங்கத்தான் செய்யும். இரண்டு வருடமாகச் சண்டை போட்டுக் காப்பாற்றிய முந்நூறு டிகிரி ஒரு நொடியில் போயிற்று. வெட்கப்பட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் வந்தது வெட்கமில்லை. இருட்டில் தடவிக்கொண்டிருந்த அறையில் யாரோ விளக்கைப் போட்ட மாதிரி இருந்தது.

"நான் தோத்துட்டேன். உன்னோடதை வை, சீக்கிரம் வை!" என்றாள் அவசரமாக.

பட்டாசு வைத்தாள். அறுபத்திரண்டு. ரொம்பக் கெட்டி. துணுக்கு பெயர்ந்ததற்கு அதுதான் காரணம். பட்டாசின் வாய் முதல்முறையாகச் சத்தமில்லாமல் திறந்து நின்றது.

"ரெண்டு பேருமே தோத்தீங்களா?" என்றார் வாசலில் நின்ற கணவர். அவர் குரலில் இருந்த நிம்மதியை மறைக்க அவர் முயலவே இல்லை.

அண்ணி அதைக் கேட்கவில்லை. பட்டாசின் அலகைத் திருப்பி, கைப்பிடிக்குள் போகும் பக்கத்தில் வைத்து அழுத்தினாள். ஐம்பத்தேழு. ஒரே அலகு, ஒரே சூடு, ஒரே எண்ணெய். இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஐந்து எண் வித்தியாசமா? தன் அலகையும் திருப்பிப் பார்த்தாள். அங்கும் முனையில் ஐம்பத்து நாலு, பின்னால் ஐம்பது.

"ரெண்டுலயும் கூர்முனைப் பக்கம் கெட்டி, பிடிப் பக்கம் மெத்து. ஏன்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்.

பட்டாசு நெற்றியில் அறைந்துகொண்டாள். "ரொட்டி அண்ணி, ரொட்டி! அடுப்புக் கதவை ஒட்டி இருக்கிற வரிசை எப்பவுமே வெளுத்துத்தான் இருக்கும். நாங்க பாதியில தட்டைத் திருப்பி வைப்போம். உலையில நாம கூர்முனையை உள்ள விட்டு, பிடிப் பக்கத்தைக் கதவுகிட்ட வைக்கிறோம் இல்ல? காய்ச்சும்போதே அங்க சூடு பத்தல, அதான் முக்கினதும் இறுகல!"

ஆய்வாளர் அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இத்தனை வருஷத்துல இந்த அறையில யாரும் இவ்வளவு சந்தோஷமா அளந்து நான் பாத்ததில்ல" என்றார்.

பணம் கட்டி முடித்தபோது மணி ஒன்றேமுக்கால். கம்பெனி ஆட்கள் இரண்டு பேரும் கணவரும் பட்டாசும் ஆளுக்கு ஒரு மூலையைப் பிடித்து இயந்திரத்தை வேனுக்குத் தூக்கினார்கள். வைரமுனையை மட்டும் கழற்றித் துணியில் சுற்றி அண்ணி கையிலேயே வைத்துக்கொண்டாள். பின்னிருக்கையில் இயந்திரத்தை உட்காரவைத்து, பிள்ளைகளுக்குப் போடும் பெல்ட்டைப் போட்டுவிட்டார் கணவர். "நாற்பத்தொண்ணாவது பிள்ளை. கத்தாம வருது" என்றார். அதை வீட்டில் இறக்கிவிட்டு அவர் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றுக்கு நாலு நிமிடம் இருந்தது.

பிறகு ஒரு வாரம் கொட்டகையில் உலை அணையவே இல்லை. கதவின் உள்பக்கம் சூடு தாங்கும் செங்கல் அடுக்கினார்கள். அலகுகளை இன்னும் உள்ளே தள்ளினார்கள், கூடுதல் நேரம் சூட்டில் ஊறவைத்தார்கள், பாதியில் திருப்பி வைத்தார்கள். துண்டு எஃகுகளை வெட்டிப் போட்டு, இருநூறு, இருநூற்றுப் பத்து, இருநூற்று இருபது என்று பத்துப் பத்து டிகிரியாகப் பதம் போட்டு அளந்தார்கள். ஒவ்வொரு முறை நெம்புகோலை இழுக்கும்போதும் இரண்டு தலையும் டயலுக்கு முன்னால் முட்டிக்கொண்டன. இடையிடையே பட்டாசு கையில் கிடைத்ததையெல்லாம் அளந்தாள்: கதவுத் தாழ்ப்பாள், ஸ்பானர், அண்ணனின் நகவெட்டி. சமையலறைக் கரண்டியை எடுத்துக்கொண்டு வந்தபோதுதான் அண்ணி கையைப் பிடித்துத் தடுத்தாள்.

இருநூற்று முப்பதில் முள் ஐம்பத்தெட்டைத் தொட்டது.

பன்னிரண்டு அலகுகளையும் நாலு நாலாக மூன்று தடவையாகக் காய்ச்சி, எண்ணெயில் முக்கி, பதம் போட்டு முடித்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். கணவருக்கு விடுமுறை. சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு சுவரோரம் நின்றார். அண்ணி ஒவ்வொரு அலகிலும் முன்னால், நடுவில், பின்னால் என்று மூன்று இடத்தைப் பளபளவென்று தேய்த்துக் கொடுத்தாள். பட்டாசு அழுத்தினாள், எண்ணைக் கூவினாள்.

"ஐம்பத்தெட்டு! ஐம்பத்தெட்டு! ஐம்பத்தெட்டரை!"

"தெருவுக்கே கேக்குது, மெதுவாச் சொல்லு" என்றார் அவர், எழுதிக்கொண்டே.

"கேக்கட்டும்!"

ஏழாவது அலகு ஐம்பத்தைந்து காட்டியது.  அண்ணி அதை வாங்கிப் பார்த்தாள். மேல்தோலில் உலைக் கருப்பு கொஞ்சம் மீதி இருந்தது. உட்கார்ந்து நிதானமாகத் தேய்த்து அதை எடுத்துவிட்டு, வேறு இடத்தில் வைத்து அழுத்தச் சொன்னாள். ஐம்பத்தேழே முக்கால். பட்டாசு அவளைக் கட்டிக்கொண்டதில் அலகு தரையில் விழுந்து ணங்கென்றது. உடையவில்லை.

பன்னிரண்டாவதும் முடிந்தபோது சுவரில் முப்பத்தாறு எண்கள் இருந்தன. எந்த இரண்டுக்கும் நடுவில் ஒன்றுக்கு மேல் வித்தியாசமில்லை. அண்ணி சுவரை மேலிருந்து கீழாக ஒரு தடவை, கீழிருந்து மேலாக ஒரு தடவை படித்தாள். எது யாருடைய அலகு என்று அவளுக்கே தெரியவில்லை.

"சாணை பிடிக்கலாமா?" என்றாள்.

பட்டாசு ஏற்கெனவே சாணையைச் சுழலவிட்டிருந்தாள்.